நெற்றி விளக்கோடு நுழையக்கூடாத சுரங்கம்

மாணவர்களே, ஜாசினிலோ ஆலோர் காஜாவிலோ ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த பாட்டியோ தாத்தாவோ உங்கள் வீட்டில் இருந்தால், இன்று மாலை ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "விடியற்காலை இருட்டில் பால்மரம் வெட்டப் போகும்போது நெற்றியில் என்ன விளக்குக் கட்டியிருந்தீர்கள்?"

பேட்டரி விளக்கு என்று சிலர் சொல்வார்கள். மண்ணெண்ணெய் விளக்கு என்று சிலர் சொல்வார்கள். வயது முதிர்ந்தவர்கள் சிலருக்குக் கார்பைட் விளக்கு நினைவுக்கு வரும். "பூண்டு மாதிரி ஒரு வாடை அடிக்கும்" என்று மூக்கைச் சுளித்துக்கொண்டே சொல்வார்கள்.

அந்த விளக்கின் வேலை எளிது. அடிப்பகுதியில் கால்சியம் கார்பைட் என்னும் சாம்பல்நிறக் கல். மேற்பகுதியில் தண்ணீர். தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கல்லின்மேல் விழும்போது அசிட்டிலின் என்ற வாயு கிளம்பும். அது சின்னத் துவாரம் வழியாக வெளியேறி வெள்ளை வெளிச்சத்துடன் எரியும். மீதி இருப்பது சுண்ணாம்புச் சேறு. 1900ஆம் ஆண்டை ஒட்டி இந்த விளக்கு பரவத் தொடங்கியபோது, அதை அதிகம் வாங்கியவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள். ஈயச் சுரங்கத்திலும் செம்புச் சுரங்கத்திலும் அது பல ஆண்டுகள் நன்றாகவே உழைத்தது.

ஆனால் அதே விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் ஒருவர் நடந்தால், அவரோடு அங்கே இருக்கும் எல்லாரும் இறந்துபோக வாய்ப்பு உண்டு. இரண்டும் மண்ணுக்கடியில் தோண்டிய குகைகள்தாம். ஒன்றில் நெருப்பு வெளிச்சம் தருகிறது. இன்னொன்றில் உயிரை எடுக்கிறது. ஏன்?

இதை உள்ளே போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்வதே நல்லது. உலகின் பல ஊர்களில் மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். வழிகாட்டியோடு இறங்கலாம். அவற்றில் நமக்கு மிகப் பக்கத்தில் இருப்பது கடலுக்கு அந்தப் புறம், சுமத்திராவில்.

கடலைத் தாண்டிய சுரங்கம்

தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்துக்குப் போயிருப்பீர்கள். நெகிரி செம்பிலான் மண் சூழ்ந்திருந்தாலும் மலாக்காவுக்குச் சொந்தமான இடம் அது. வானம் தெளிவாக இருக்கும் நாளில் அங்கிருந்து எதிர்க்கரை ஒரு கோடு போலத் தெரியும். அந்தக் கரையிலிருந்து இன்னும் மேற்கே, சுமத்திராவின் மலைகளுக்குள் சாவாலுந்தோ என்ற சிறிய ஊர் இருக்கிறது. பாடாங் நகரிலிருந்து ஏறத்தாழ 95 கிலோமீட்டர்.

1867, 1868ஆம் ஆண்டுகளில் டச்சுப் பொறியாளர் வில்லெம் ஹென்றிக் டி கிரேவ், ஒம்பிலின் ஆற்றுப் பகுதியில் பெரிய நிலக்கரிப் படிவைக் கண்டறிந்தார். 1890களில் சுரங்கமும், கரியைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல மலைகளை வளைத்துச் சென்ற 155 கிலோமீட்டர் ரயில் பாதையும் உருவாயின. 2019ஆம் ஆண்டு யுனெஸ்கோ இந்தச் சுரங்கம், ஊர், ரயில் பாதை, துறைமுகம் எல்லாவற்றையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஊருக்கு நடுவே லுபாங் எம்பா சூரோ என்ற சுரங்கவாய் இருக்கிறது. 'லுபாங்' உங்களுக்குத் தெரிந்த மலாய்ச் சொல்தான். 'எம்பா' என்றால் ஜாவா மொழியில் பெரியவர், தாத்தா. சூரோ என்பவர் ஜாவாவிலிருந்து வந்த ஒரு மண்டோர். நம் தோட்டத்துக் கங்காணி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1898ஆம் ஆண்டு வெட்டப்பட்ட இந்தச் சுரங்கம் சில பத்தாண்டுகளிலேயே மூடப்பட்டது. 2008ஆம் ஆண்டு முதல் சுற்றுப்பயணிகள் இறங்கிப் பார்க்கிறார்கள். வழிகாட்டி பேசுவது இந்தோனேசிய மொழி. பள்ளியில் படித்த மலாய்மொழியே போதும், முக்கால்வாசி புரிந்துவிடும்.

பக்கத்திலுள்ள கண்காட்சிக் கட்டடத்தில் தலைக்கவசமும் ரப்பர் காலணியும் தருகிறார்கள். அதன்பிறகு படிகளில் இறக்கம். உயரம் ஒரு பெரியவர் நிமிர்ந்து நடக்கும் அளவுதான். படி ஈரமாக இருக்கும், கூரை சொட்டும். உள்ளே குளுகுளுவென்று இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாது, சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். பயணிகள் நடக்கும் தூரம் 200 மீட்டருக்கும் குறைவு. பள்ளித் திடலைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடும் தூரம்கூட இல்லை. ஆனால் அந்தத் தூரத்தில் கேட்பதற்கு நிறைய இருக்கிறது.

சுவர் எதனால் ஆனது?

முதலில் சுவரைத் தொட்டுப் பாருங்கள். விளக்கொளியில் கறுப்பாக மின்னுவது சாயம் அல்ல, நிலக்கரிதான். நீங்கள் கரிப்படிவின் உள்ளேயே நிற்கிறீர்கள்.

அது ஒரு காலத்தில் காடு. 4 கோடி ஆண்டுகளுக்கு முன்னும் பின்னுமான காலத்தில் இங்கே சதுப்புநிலம் இருந்தது. சாதாரணக் காட்டில் மரம் விழுந்தால் பூஞ்சையும் கரையானும் நுண்ணுயிர்களும் சேர்ந்து சில ஆண்டுகளில் அதைத் தின்று முடித்துவிடும். அதற்கு உயிர்வளி வேண்டும். தேங்கிய நீருக்கடியில் உயிர்வளி மிகக் குறைவு. அங்கே விழுந்த மரமும் இலையும் முழுதாக அழுகாமல் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்தன. இந்த முதல் நிலையை நம் நாட்டிலேயே பார்க்கலாம். சிலாங்கூர், பகாங் கரையோரங்களில் 'தானா காம்புட்' என்று சொல்லும் கரிச்சதுப்பு நிலம் அதுதான். வறட்சிக் காலத்தில் தீப்பிடித்தால் வாரக்கணக்கில் புகைந்துகொண்டிருப்பதும் அதே மண்தான்.

அந்தக் குவியலின்மேல் மணலும் களிமண்ணும் படிந்து, எடை அழுத்தி, ஆழத்தின் வெப்பம் சேர்ந்து, தண்ணீர் பிழிந்து வெளியேறி, கரிமம் மட்டும் செறிந்துகொண்டே போகிறது. தோராயமாக 5 முதல் 10 மீட்டர் சதுப்புக் குவியல் 1 மீட்டர் நிலக்கரியாக ஒடுங்குகிறது. அரைவேக்காட்டில் நின்றது பழுப்பு நிலக்கரி. தமிழ்நாட்டின் நெய்வேலியில் திறந்தவெளியில் வெட்டுவது அதுவே. அதைவிட முதிர்ந்தது சிலாங்கூரின் பத்து ஆராங் கரி. இன்னும் முதிர்ந்தது சாவாலுந்தோ கரி.

நம் முதல் கேள்விக்கு விடையும் இந்த வரலாற்றிலேயே இருக்கிறது. தாவரப் பொருள் நிலக்கரியாக மாறும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. சமையல் எரிவாயுவின் நெருங்கிய உறவு அது. நிலக்கரியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கோடிக்கணக்கில் உண்டு. அவற்றின் சுவர்களில் மீத்தேன் ஒட்டிக்கொண்டு கோடி ஆண்டுகள் கிடக்கிறது. மேலேயுள்ள பாறையின் அழுத்தம் அதை வெளியே விடாது. மனிதன் வந்து கரியை வெட்டுகிறான். அழுத்தம் குறைகிறது. சோடாப் புட்டியின் மூடியைத் திறந்ததுபோல வாயு கசியத் தொடங்குகிறது.

ஈயத்துக்கு இந்தப் பூர்வீகம் கிடையாது. அது மரத்திலிருந்து வந்ததல்ல. அதனால்தான் பகாங் சுங்கை லெம்பிங் போன்ற ஈயச் சுரங்கங்களில் பாறை விழும், தண்ணீர் வரும், வெடிமருந்துப் புகை மூச்சடைக்கும் என்ற பயங்கள் இருந்தாலும், பாறையே எரிவாயுவைக் கக்கும் என்ற பயம் பொதுவாக இல்லை.

நூற்றுக்கு ஐந்து

மீத்தேன் வாசனையில்லாதது, நிறமில்லாதது, நச்சும் இல்லாதது. காற்றில் அதன் அளவு 100 பங்குக்கு 5 பங்குக்குக் கீழ் இருந்தால் வெடிக்காது. 15 பங்குக்கு மேல் போனாலும் வெடிக்காது, ஏனென்றால் எரிவதற்குப் போதிய உயிர்வளி இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் ஒரு தீப்பொறி போதும். காற்றின் எடையில் பாதிக்குச் சற்று அதிகமான எடையே அதற்கு. அதனால் கூரையில் உள்ள பள்ளங்களில் போய் ஒளிந்துகொள்ளும். நெற்றியில் எரியும் விளக்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தச் சிக்கலுக்கு 1815ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி கண்ட வழி, இன்றைக்கும் அறிவியல் வகுப்பில் சொல்லித்தர வேண்டிய ஒன்று. விளக்கின் சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பிவலை ஒன்றை உருளையாக வைத்தார். காற்று வலைக்குள் போகும், மீத்தேனும் போகும். உள்ளே போன மீத்தேன் எரியவும் செய்யும். ஆனால் அந்தத் தீ வலையைத் தாண்டி வெளியே வராது. உலோகம் வெப்பத்தைச் சட்டென்று உறிஞ்சிப் பரப்பிவிடுகிறது. வலைக்கு வெளியே இருக்கும் வாயு, தீப்பிடிக்கத் தேவையான ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பத்தை எட்டுவதில்லை. இதை வீட்டு அடுப்பில் சோதித்துப் பார்க்க வேண்டாம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியரிடம் கேளுங்கள், புன்சன் அடுப்பும் கம்பிவலையும் அங்கே இருக்கும்.

அந்த விளக்குக்கு இன்னொரு பயனும் கிடைத்தது. மீத்தேன் இருக்கும் இடத்தில் சுடரின் உச்சியில் நீலநிறத்தில் ஒரு தொப்பி தோன்றும். தொப்பியின் உயரத்தைப் பார்த்தே வாயுவின் அளவைக் கணக்கிட்டார்கள். மாறாக, உயிர்வளி குறைந்து கரிவளி தேங்கிய பள்ளத்தில் சுடர் மங்கி அணையும். ஒரே விளக்கு, கூரையிலும் தரையிலும் இருக்கும் இரண்டு எதிரிகளைக் காட்டிக்கொடுத்தது.

லுபாங் எம்பா சூரோவில் சுவரோரம் வெளியிலிருந்து காற்றை உள்ளே செலுத்தும் குழாயைப் பார்ப்பீர்கள். பலர் கரிச்சுவரைப் படம் எடுப்பார்கள், குழாயைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். என்னைக் கேட்டால் படம் எடுக்கவேண்டியது குழாயைத்தான். மீத்தேனுக்கு உண்மையான மருந்து விளக்கு அல்ல, காற்றோட்டம். நூற்றுக்கு ஐந்தை எட்டவிடாமல் வாயுவை நீர்க்கச் செய்துகொண்டே இருக்க வேண்டும். காற்று போக ஒரு வழி, வர ஒரு வழி. 1862ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹார்ட்லி சுரங்கத்தில் ஒரே ஒரு குழிவாய்தான் இருந்தது. மேலே இருந்த பிரமாண்ட இரும்பு உத்திரம் உடைந்து அந்தக் குழியை அடைத்துக்கொண்டது. உள்ளே 204 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு சுரங்கத்துக்கும் இரண்டு வழி கட்டாயம் என்ற சட்டம் அதன் பிறகே வந்தது.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், இதே சாவாலுந்தோ பகுதியில் இன்னும் இயங்கிக்கொண்டிருந்த ஒரு சுரங்கத்தில் வாயு வெடித்து 10 பேர் இறந்தார்கள். பயணிகள் தலைக்கவசம் போட்டுச் சிரித்துப் படம் எடுக்கும் ஊரும் அதுதான்.

கைக்கடிகாரத்தைக் கழற்று

ஐரோப்பாவில் வேல்ஸ் நாட்டின் பிளேனாவன் ஊரில் 'பிக் பிட்' என்ற சுரங்கம் இருக்கிறது. 1980ஆம் ஆண்டு மூடப்பட்டது, 1983 முதல் அருங்காட்சியகம். அங்கே கூண்டு போன்ற மின்தூக்கியில் 90 மீட்டர் கீழே இறக்குகிறார்கள். இறங்குவதற்கு முன் தீப்பெட்டியை வாங்கிக்கொள்வார்கள், அது புரிகிறது. கைத்தொலைபேசி, பேட்டரி கடிகாரம், கேமரா எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார்கள். பேட்டரி உள்ள எதிலும் மின்பொறி எழ வாய்ப்பு இருக்கிறது என்பதே காரணம். மூடிய சுரங்கமானாலும் பாறை கசிவதை நிறுத்துவதில்லை.

பதிலுக்கு இடுப்பில் ஒரு பெல்ட் கட்டிவிடுவார்கள். அதில் தலைவிளக்குக்கான பேட்டரி ஒன்று தொங்கும். அது பொறி வெளியேறாதபடி வடிவமைத்தது. கூடவே ஒரு சின்ன உலோகப் பெட்டி. அந்தப் பெட்டிதான் வேதியியல் பாடம்.

மீத்தேனோ கரித்தூளோ வெடித்த பிறகு, வெடிப்பில் தப்பியவர்களை இன்னொன்று துரத்துகிறது: கார்பன் மோனாக்சைடு. போதிய உயிர்வளி இல்லாமல் எரியும் எதிலிருந்தும் அது வரும். நம் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபின், உயிர்வளியைவிட 200 மடங்குக்கும் அதிகமான பற்றோடு இதைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்தால் எளிதில் விடாது. நுரையீரல் மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கும், உடம்பு மூச்சுத் திணறிக்கொண்டே இருக்கும். 1906ஆம் ஆண்டு பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் கரித்தூள் வெடித்து 1,099 பேர் இறந்தார்கள். வெடித்த இடத்துக்கு வெகுதூரத்தில் இருந்தவர்களையும் அந்த வாயு தேடிப்போய்க் கொன்றது.

கேனரி என்னும் மஞ்சள் பறவையைச் சுரங்கத்துக்குக் கொண்டுபோன கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். உடல் சிறியது, மூச்சு வேகம் அதிகம். அதனால் மனிதனுக்கு முன்பே மயங்கி விழும். பறவை விழுந்தால் ஆள் ஓடவேண்டும். பாவம் பறவை என்று நினைத்த தொழிலாளர்களும் இருந்தார்கள். சில கூண்டுகளில் பறவையைப் பிழைக்க வைக்கச் சின்ன உயிர்வளிப் புட்டியும் பொருத்தியிருந்தார்கள். பிரிட்டனில் 1986ஆம் ஆண்டுதான் மின்னணுக் கருவிகள் அந்த வேலையை முழுமையாக ஏற்றுக்கொண்டன.

இடுப்பில் தொங்கும் பெட்டி செய்வது வேறு வேலை. அதனுள் மாங்கனீசு டைஆக்சைடும் செம்பு ஆக்சைடும் கலந்த தூள் இருக்கிறது. அதன் வழியாக மூச்சை இழுத்தால், கார்பன் மோனாக்சைடு உயிர்வளியோடு சேர்ந்து கரிவளியாக மாறிவிடும். தூள் வினையூக்கியாக இருக்கிறதே தவிர, தீர்ந்துபோவதில்லை. ஆனால் ஈரம் பட்டால் கெட்டுவிடும், அதனால்தான் பெட்டியை இறுக மூடி வைத்திருக்கிறார்கள். இழுக்கும் காற்று சூடாக இருக்கும், வாய் வெந்துவிடும்போலத் தோன்றும். அந்தச் சூடுதான் கருவி வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். வெளியே துப்பிவிடாதே என்று தொழிலாளர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இதைச் சுரங்கத்தோடு விட்டுவிடாதீர்கள். மின்சாரம் போன இரவில் வீட்டுக்குள் ஜெனரேட்டர் ஓட்டுவதும், கண்ணாடியை ஏற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டுக் காரில் தூங்குவதும், அடைத்த அறைக்குள் கரியடுப்பு வைப்பதும் இதே வாயுவை உண்டாக்கும். தலைவலி, வாந்தி, தூக்கம் என்று வரும். தூக்கம் வருகிறதே என்று படுத்துவிட்டால் எழுந்திருக்க முடியாது.

தண்ணீரும் கூரையும்

லுபாங் எம்பா சூரோவில் ஓரிடத்துக்கு மேல் பாதை அடைக்கப்பட்டிருக்கும். அதற்கு அப்பால் இறங்கும் கிளைகளுக்குப் பயணிகளை விடுவதில்லை. இந்தச் சுரங்கம் மூடப்பட்டதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முதன்மையானது நீர்க்கசிவு. பக்கத்திலேயே ஆறு ஓடுகிறது. ஆற்று நீர்மட்டத்துக்குக் கீழே நீங்கள் எதைத் தோண்டினாலும் அது கிணறுதான். பம்பு ஓடும்வரை சுரங்கம், நின்றால் கிணறு.

தண்ணீரின் பயங்கரத்தை மேற்கு வங்காளத்தின் ராணிகஞ்சில் 1989 நவம்பரில் நடந்தது காட்டுகிறது. மகாபீர் சுரங்கத்தில் வெடிவைத்தபோது, பக்கத்தில் கைவிடப்பட்ட பழைய சுரங்கத்தில் தேங்கியிருந்த தண்ணீர் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. 6 பேர் இறந்தார்கள், 65 பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். ஜஸ்வந்த் சிங் கில் என்ற பொறியாளர் மேலிருந்து ஒரு துளை போடச் செய்து, ஓர் ஆள் மட்டும் நிற்கக்கூடிய இரும்புக் கூண்டை வடிவமைத்து, தானே அதில் கீழே இறங்கினார். ஒருவர் ஒருவராக 65 பேரும் மேலே வந்தார்கள். கடைசியாக அவர் வந்தார்.

கூரையைப் பற்றி ஒரு செய்தி மட்டும். இரும்புத் தூண் கிடைத்த காலத்திலும் பல தொழிலாளர்கள் மரத்தூணையே விரும்பினார்கள். இரும்பு திடீரென்று வளைந்துவிடும். மரம் முறிவதற்கு முன் முனகும், கிறீச்சிடும். அந்தச் சில நொடிகள் ஓடுவதற்குப் போதும். பழைய சுரங்கத்தில் மரத்தூண் இருந்தால், வழிகாட்டி அதைத் தட்டிக் காட்டும்போது காதைக் கொடுங்கள்.

சங்கிலி

இதுவரை பேசியது கல்லையும் வாயுவையும் பற்றி. சாவாலுந்தோவில் வழிகாட்டிகள் அதிகம் பேசுவது மனிதர்களைப் பற்றி.

ஆட்கள் கிடைக்காத மலைப்பகுதி அது. டச்சு ஆட்சி தன் சிறைகளிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்து இறக்கியது. ஜாவா, பாலி, சுலாவேசி என்று பல தீவுகளிலிருந்து வந்தார்கள். காலில் சங்கிலியோடு வேலை செய்ததால் அவர்களுக்கு 'ஓராங் ராந்தாய்' என்று பெயர், சங்கிலி மனிதர்கள். நீங்கள் தொட்டுப் பார்த்த சுவரை வெட்டியவர்கள் அவர்கள். மேலே சொன்ன கூரை, வாயு, தண்ணீர் எல்லாவற்றையும் காலில் இரும்போடு நினைத்துப் பாருங்கள். மரத்தூண் முனகும்போது கிடைக்கும் சில நொடி அவர்களுக்கு என்ன பயன்? அவர்களின் கல்லறைகளில் சிலவற்றில் பெயர் கிடையாது, எண் மட்டும் இருக்கிறது.

இணையத்தில் இந்தச் சுரங்கத்தைப் பேய்ச் சுரங்கம் என்று படம் பிடித்துப் போடுகிறவர்கள் உண்டு. பேய்க்கதை கேட்டு வருகிறவருக்கு அந்த எண்கள் கண்ணில் படுவதில்லை என்பதே என் வருத்தம்.

வெளியே வந்ததும் கூடாங் ரான்சும் என்ற அருங்காட்சியகத்துக்குப் போகலாம். தொழிலாளர்களுக்கு நீராவியால் சோறு சமைத்த பொதுச் சமையற்கூடம் அது. ஓர் ஆள் உள்ளே உட்காரக்கூடிய அளவில் அண்டாக்கள் இருக்கின்றன. நீராவிக்கும் எரிபொருள் அதே கரிதான்.

நம்முடைய கல்கரி

'ஆராங்' என்றால் அடுப்புக்கரி. 'பத்து ஆராங்' என்றால் கல்கரி, அதாவது நிலக்கரி. சிலாங்கூரில் அந்தப் பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. 1908ஆம் ஆண்டு அங்கே கரி கண்டறியப்பட்டது. 1913ஆம் ஆண்டு மலாயன் கோலியரிஸ் நிறுவனம் தொடங்கி, 1915 முதல் கரி வெளிவந்தது. 1940ஆம் ஆண்டளவில் ஆண்டுக்கு 7 லட்சம் டன்னுக்கும் மேல் வெட்டினார்கள். சீனத் தொழிலாளர்களே அதிகம். இந்தியர்களும் மலாய்க்காரர்களும் இருந்தார்கள். மலாயாவின் ரயில்களும், கோலாலம்பூர் பங்சார் மின்நிலையமும், ஈயக் கப்பல்களும் இந்தக் கரியை நம்பியிருந்தன.

தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு 1905ஆம் ஆண்டு முதல் ஒரு கிளை ரயில் ஓடியது என்பது உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஜப்பானியர் காலத்தில் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்து, சயாம் பர்மா மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அதே பாதையில் வேலைக்கென்று தோட்டங்களிலிருந்து நம் மக்களையும் ஏற்றிச் சென்றார்கள். அதற்கு முன் தம்பினில் புகைவிட்டு நின்ற எஞ்சின்களின் வயிற்றில் எரிந்தது பெரும்பாலும் பத்து ஆராங் கரி. 1937 மார்ச்சில் அங்கே ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கூலிக்காக வேலையை நிறுத்திச் சுரங்கத்தையே தங்கள் கையில் எடுத்துக்கொண்டபோது ஆட்சி ஆடிப்போனதற்குக் காரணம் புரிகிறதா? கரி நின்றால் நாடே நிற்கும். போலீசையும் இராணுவத்தையும் அனுப்பித்தான் சுரங்கத்தை மீட்டார்கள்.

போருக்குப் பிறகு ரயில்கள் எண்ணெய்க்கு மாறின. 1960ஆம் ஆண்டு பத்து ஆராங் மூடப்பட்டது.

அங்கேயும் வழிகாட்டியோடு இறங்கலாமே என்று கேட்பீர்கள். சுரங்கவாய்கள் மூடிக்கிடக்கின்றன. பம்பு நின்று 60 ஆண்டுகளுக்கும் மேல் ஆகிறது. அதோடு பத்து ஆராங் கரிக்கு இன்னொரு குணமும் உண்டு. தீக்குச்சி இல்லாமலே அது தீப்பிடிக்கும். முதிராத கரி காற்றிலுள்ள உயிர்வளியோடு மெல்ல மெல்ல வினைபுரிந்து வெப்பத்தை வெளியிடுகிறது. காற்று நன்றாக வீசினால் வெப்பம் போய்விடும். காற்றே இல்லாவிட்டால் வினையே நடக்காது. கொஞ்சம் காற்று மட்டும் நுழையும் விரிசலில்தான் ஆபத்து. வெப்பம் வெளியேற வழியில்லாமல் சேர்ந்து, வெப்பம் வினையை வேகப்படுத்தி, வினை மேலும் வெப்பத்தைக் கூட்டி, ஒருநாள் புகையத் தொடங்கும். எண்ணெய் தோய்ந்த கந்தல் துணிகளைக் குவித்து வைத்தால் தானாகத் தீப்பிடிக்குமே, அதே கதை. இப்படிப்பட்ட சுரங்கத்தை மறுபடி திறந்து காற்றை விடுவது எளிய முடிவு அல்ல.

இவ்வளவு நடந்த பிறகும் கரி நம்மை விட்டுப் போய்விடவில்லை. போர்ட்டிக்சனுக்கு வடக்கே, லுக்குட் பக்கம் ஜிமா மின்நிலையத்தில் எரிவது நிலக்கரிதான். இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. நிலக்கரி மின்நிலையங்களை 2044ஆம் ஆண்டுக்குள் முற்றாக நிறுத்திவிடுவதாக மலேசியா சொல்லியிருக்கிறது. அப்போது உங்களுக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும்.

பாடாங் போக இப்போது வசதி இல்லையென்றால், விடுமுறையில் பெற்றோரோடு பத்து ஆராங் போய்வாருங்கள். தரைக்கு மேலே பார்க்க நிறைய இருக்கிறது. பழைய செங்கல் புகைபோக்கிகள் நிற்கின்றன. திறந்தவெளியில் கரி வெட்டிய பள்ளங்கள் ஏரிகளாகிவிட்டன. அந்த ஏரிகளில் மட்டும் இறங்காதீர்கள். இயற்கை ஏரிபோலக் கரையிலிருந்து மெல்ல ஆழமாகாது, வெட்டிய சுவர் அப்படியே செங்குத்தாக இறங்கும். வழியில் கறுப்புக் கல் ஏதாவது கிடைத்தால், மெருகு இல்லாத வெள்ளை ஓட்டின் பின்புறத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு கன்னங்கரேலென்று இல்லாமல் பழுப்புச் சாயலில் விழுந்தால், அது முழுதாக முதிராத கரி.